ஒழுங்கையில் முப்பத்தாறு வேம்பு

நாங்கள் நட்ட நானூற்றுப் பன்னிரண்டு கன்றுகளில் நூற்று ஏழுதான் உயிருடன் இருந்தன. அவற்றில் முப்பத்தாறு ஒரே வரிசையில் நின்றன. அந்த வரிசையில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

வெள்ளாந்தரவை என்ற ஊர் தென்மராட்சியில், கடல்நீரேரிக் கரையோரம் இருக்கிறது. தரவை என்றால் ஆடு மாடு மேய்கிற பொதுவெளி. இரண்டு வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் எங்கள் சூழல் நிறுவனம் அங்கே மரம் நட்டது. மருது, நாவல், இலுப்பை, வேம்பு என்று லொறியில் கொண்டுபோய் இறக்கினோம். மாலை போட்டுக்கொண்டவர்கள் ஒரு கன்றைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். மிச்சத்தைக் கூலிக்கு வந்த பெண்கள் நட்டார்கள். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருதடவை நான் தாளும் பேனையுமாகப் போய் எண்ணுவேன். தாளில் மூன்றே நிரல்கள்: கன்றின் இலக்கம், இனம், உயிருடன் உண்டா இல்லையா.

செத்ததற்குக் காரணம் எழுத நிரல் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக எழுதியிருப்பேன். ஆடு கடித்தது, உவர் ஏறியது, கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் விக்கெட்டுக்குப் பிடுங்கியது. எனக்கு விளங்காமல் இருந்தது செத்தவை அல்ல, நின்றவை. எட்டு மாதமாக ஒழுங்கான மழை இல்லை. புரட்டாதி வெயிலில் தரவை வெடித்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு முப்பத்தாறு வேம்பு, ஒவ்வொன்றையும் சுற்றிப் பனைமட்டைக் கூடு, அடியில் ஈரம் காயாத பாத்தி. இலவசமாகக் கிடைத்த கன்றுக்கு இரண்டு வருடம் இப்படித் தண்ணீர் ஊற்றிய ஒருவரையும் நான் இந்த வேலையில் கண்டதில்லை. என்ன ஆசைக்கு ஊற்றினார்கள் என்று அறியவேண்டும் போலிருந்தது.

வரிசை அருளம்பலம் ஐயாவின் காணியோடு போனது. அவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஊர்ப் பசுமைக் குழுவின் தலைவர். வீட்டு வாசல் படலையடியில் கதிரை போட்டு இருந்தார்.

"என்ன பிள்ளை, எண்ணி முடிஞ்சுதோ?"

"ஓம் ஐயா. முப்பத்தாறும் நிக்குது."

"நிக்கும். பிள்ளையள் மாதிரியெல்லே பாக்கிறம்."

"தண்ணி எங்கையாலை?"

"எங்கடை நல்ல தண்ணிக் கிணறுதான். பின்னேரம் பின்னேரம் ஒரு மரத்துக்கு ஒரு வாளி."

"முப்பத்தாறு வாளியோ?"

"இயற்கைக்குச் செய்யிற சேவை, பிள்ளை. உங்கடை பணிப்பாளரே வந்து கை தந்திட்டுப் போனவர்." அவர் காலை நீட்டிக்கொண்டார். "பிள்ளை எவ்விடமெண்டு சொன்னனீர்?"

முதல் வந்த அன்றும் கேட்டவர்தான். "குருநகர்," என்றேன்.

"ஓகோ. கடல் ஆக்கள். உங்களுக்கும் மரத்துக்கும் என்ன தொடுசல்?"

"படிச்சனான் ஐயா. கம்பஸிலை நாலு வருசம்."

"படிக்கலாம், படிக்கலாம். இப்ப எல்லாரும்தானே படிக்கினம்."

எங்கள் நிறுவனப் பணிப்பாளர் வந்த அன்று அந்த வீட்டில் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் வந்தது. குடித்தேன், தாகமாக இருந்தது. கடலில் கயிறு இழுக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு எவருடைய உள்ளங்கையும் கண்ணில் படும். அவருடைய உள்ளங்கை பஞ்சு மாதிரி இருந்தது. தினமும் முப்பத்தாறு வாளி அள்ளுகிற கைக்கு அப்படி ஒரு உள்ளங்கை இருக்காது. அதையும் மனதில் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

அந்த வரிசையோரம் ஒழுங்கை என்கிற சந்துப்பாதை; அதன் கடைசியில் ஒரே ஒரு வீடு. ஒருபக்கம் கனடாவில் இருக்கிற ஒருவரின் உயர்ந்த கல்மதில், மறுபக்கம் இந்த வேம்பு வரிசை, நடுவால் நடந்து போனால் தகரம் போட்ட இரண்டறை வீடும் அதற்குப் பின்னால் ஆறு பரப்புத் தோட்டக்காணியும். சீவரத்தினமும் உதயகலாவும் அங்கே இருந்தார்கள். சைக்கிள் கரியரில் கட்டி வந்த பூவரசங் குழையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் சாருஜா உயர்தரம் படிக்கிறவள், அவிழ்த்த கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

உதயகலா என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"எண்ண வந்தனீங்களோ? அப்ப எங்களையும் எழுதிக்கொண்டு போங்கோ. உயிரோடை மூண்டு பேர்."

"அம்மா, சும்மா இரணை," என்றாள் சாருஜா.

"ஏன் சும்மா இருக்க? மரத்தை எண்ண வருசத்திலை ரெண்டு தரம் ஆள் வருது. எங்களை எண்ண ஆர் வந்தது?"

சீவரத்தினம் சிரித்தார். மெலிந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும். "பிள்ளை பயந்திடும். இருங்கோ பிள்ளை, வெயிலுக்கை வந்தனீங்கள். சாப்பிட்டிட்டுப் போகலாம்."

குரக்கன் புட்டும் முருங்கையிலைச் சொதியும் பொரித்த மிளகாயும் தந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே தோட்டத்தைப் பார்த்தேன். மண்ணின் மேல் வெள்ளை படிந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய புயலில் நீரேரி கரை தாண்டி உள்ளே வந்து ஆறு நாள் நின்றதாம். நீர் போய்விட்டது, உப்பு இருந்துவிட்டது. அதற்குமுன் அந்த மண்ணில் கத்தரியும் பயிற்றையும் மிளகாயும் காய்த்தன. இரண்டு தலைமுறை மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. அவர்கள் பெயரில் உறுதி எழுதிய முதல் காணி அந்த ஆறு பரப்பு.

இதற்கும் எங்கள் நிறுவனத்தில் ஒரு திட்டம் இருந்தது. காணியைச் சுற்றி வரம்பு உயர்த்தவேண்டும். மாரிக்கு முன் இலை தழையான குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்த்திப் புதைக்கவேண்டும். பிறகு மழைத் தண்ணீரை ஓடவிடாமல் மறித்து வைத்தால், அது உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். வரம்பை அவர்கள் கட்டி முடித்திருந்தார்கள். அலவாங்கால் கிண்டி, மண்வெட்டியால் இழுத்து, முழங்கால் உயரத்துக்கு நான்கு பக்கமும் எழுப்பியிருந்தார்கள். லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டியால் குறைந்தது பதினாலு பெட்டி குழை வேண்டும். அங்கே ஒரு மூலையில் ஒரு குவியல் மட்டும் கிடந்தது, அதுவும் பாதி காய்ந்து.

"ஏன் சைக்கிளிலை கட்டுறியள்?" என்று கேட்டேன். "லான்ட்மாஸ்டர் பிடிக்க எங்கடை திட்டத்திலை இருக்கெல்லே?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்களுக்கு உண்மையிலை தெரியாதோ," என்றாள் உதயகலா, "இல்லாட்டி தெரியாத மாதிரிக் கதைக்கிறியளோ?"

"தெரியாதக்கா."

"உங்கடை மரம்தான் எங்கடை பாதையிலை நிக்குது. அது எட்டடி ஒழுங்கை. இப்ப நாலடி. சைக்கிள் வரும், மோட்டச்சைக்கிள் வரும். பெட்டி வராது. வைகாசியிலை எங்கடை ஊர் டிறைவர் நிருஷன் லான்ட்மாஸ்டரை ஒருக்கா விட்டுப் பாத்தவன். ஒரு பக்கம் மதில் உரசி, மற்றப் பக்கம் மட்டைக்கூடு ரெண்டு முறிஞ்சுது. ஐயா பொலிசுக்குப் போயிட்டார். சூழல் மரத்தை நாசம் பண்ணினதாம். உங்கடை போர்ட்டிலையும் மரத்திலை கை வைச்சால் குற்றம் எண்டுதானே எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு ஒரு டிறைவரும் இந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கமாட்டான்."

"ஒழுங்கைக்கை வைக்க ஆர் விட்டது?"

சீவரத்தினம்தான் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

"பிள்ளை, எங்கடை பக்கத்திலை ஒழுங்கைக் கரையிலை வேலிக்குக் கதியால் போடுறதெண்டால் ஒரு முறை இருக்கு. கயிறு இழுத்துத்தான் போடுவினம். ஒரு தலைப்பை வேலிக்காரன் பிடிப்பான். மற்றத் தலைப்பை அந்த ஒழுங்கையாலை போய் வாறவன் பிடிப்பான். ரெண்டு பேரும் பிடிச்சால்தான் அது எல்லை. பிடிச்ச பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேலாது. மரம் நட்ட அண்டைக்கு நாங்கள் இல்லை. மானிப்பாயிலை இவவின்ரை மாமியின்ரை செத்தவீடு. ஐயாவுக்கு எங்கடை தலைப்பைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டுது."

"ஆர் பிடிச்சது?"

"நீங்கள்தான் பிள்ளை."

புட்டுத் தட்டைக் கீழே வைத்தேன்.

நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை. 'பிள்ளை, உதை ஒருக்காப் பிடியும்,' என்று அருளம்பலம் ஐயா கயிற்றின் நுனியைத் தந்தார். பிடித்தேன். வரிசை நேராக வந்ததில் எனக்குப் பெருமைகூட. எங்கள் குருநகரில் வீடுகள் சுவரோடு சுவர் நிற்கும். வேலி அடைக்கிற வேலையை நான் கண்ணால் கண்டதில்லை. கயிறு என்றால் எனக்குப் படகைக் கட்டுகிற சாமான். அந்த நுனியில் ஒரு குடும்பத்தின் பாதை இருக்கிறது என்று நாலு வருடப் படிப்பில் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

"உங்களிலை பிழை இல்லை," என்றார் சீவரத்தினம்.

"இருக்கு," என்றாள் உதயகலா. "தெரியாட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன, வாய் தேஞ்சு போகுமே? இந்த மாரியும் விட்டால் உப்பு மண்ணோடை சேர்ந்து இறுகிடும். பிறகு உது காணி இல்லை, உப்பளம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் அண்ணையிட்டைப் போய்க் கூலிக்குத்தான் நிக்கவேணும். இவளின்ரை சோதினையும் அதோடை சரி."

அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் கந்தோருக்குப் போய்ப் பணிப்பாளரிடம் சொன்னேன். அவர் கதிரையைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"எந்த வரிசை? அந்த வேம்பு வரிசையோ?"

"ஓம் சேர்."

"ஐயோ தங்கச்சி, அதுதான் இந்த வருச அறிக்கையின்ரை அட்டைப்படம். தை மாதம் காசு தாறவை பாக்க வருகினம். மரம் வெட்டுற கதையே இஞ்சை வேண்டாம்."

"மரத்தாலை எங்கடை மற்றத் திட்டம் நிண்டுபோய்க் கிடக்கு சேர். உவர் கழுவுறது."

"அது வேறை பிரிவு."

வேறை பிரிவு பக்கத்து மேசையில் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதனிடமும் சொன்னேன். அது மரப் பிரிவோடு கதைக்கச் சொன்னது.

சனிக்கிழமை சொந்தச் செலவில் பஸ் ஏறி, நேரே அருளம்பலம் ஐயாவின் படலைக்குப் போனேன். முற்றத்தில் புதிதாக ஒரு முள்ளுக்கம்பிச் சுருள் கிடந்தது. அதைக் கண்டதும் மிச்சமும் விளங்கியது. மரம் தடித்ததும் கம்பியை அதில் இழுத்துக் கட்டுவார். வெட்டக்கூடாத, பிடுங்கக்கூடாத, பொலிஸ் காவல் இருக்கிற வேலி ஒன்று அவருக்குச் சும்மா கிடைத்திருந்தது.

"நான் அண்டைக்குக் கயிறு பிடிச்சது பிழை ஐயா. அது அவையின்ரை தலைப்பு."

"பிடிச்ச கயிறை விட்டு ரெண்டு வருசமாச்சு. மரம் வேர் விட்டாச்சு."

"அவைக்குப் பாதை வேணும்."

"பாதை இருக்குத்தானே. நடக்கினம், சைக்கிள் ஓடுகினம். முந்தி உவையின்ரை ஆக்கள் உந்த ஒழுங்கையாலை சைக்கிளே ஏறி ஓடினதில்லை, தெரியுமோ? இறங்கி உருட்டிக்கொண்டு போவினம். நாங்கள் கனக்க இடம் குடுத்திட்டம்."

அவர் இதை ஒளித்துச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. நான் கேட்டு எரிந்தேன், ஆனால் எரிந்து என்ன.

"இணக்கசபைக்குப் போகச் சொல்லும்," என்றார். "நாலு வருசம் இழுக்கும். இல்லாட்டி நீரே வந்து வெட்டும், பிள்ளை. குருநகரிலை மீன் வெட்டுற கத்தி இருக்குமெல்லே."

அந்தக் கதையை அப்படியே உதயகலாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என் தாளை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "வாசி."

சாருஜா வாசித்தாள். "கன்றின் இலக்கம். இனம். உயிருடன் உண்டா, இல்லையா."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

"எங்கை நிக்கவேணும் எண்டு?"

"இல்லை அம்மா."

உதயகலா என்னைப் பார்த்தாள். "அப்ப உயிரோடை நிண்டால் போதும். எங்கை நிண்டால் உங்களுக்கென்ன?"

எனக்கு உடனே விளங்கவில்லை. சீவரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. "ஈரம் வேணும்," என்றார். "காஞ்ச மண்ணிலை கிளப்பினால் வேரிலை மண் நிக்காது. ஒரு மழை விழட்டும்."

ஒன்பதாம் நாள் மழை விழுந்தது. புழுதியை அடக்குகிற அளவு மழைதான், ஆனால் ஒரு சாண் ஈரம் இறங்கியது. அடுத்த நாள் விடிய நான் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கையில் வேலை தொடங்கியிருந்தது. சீவரத்தினம் மரத்தைச் சுற்றி வட்டமாகக் கிண்டினார். உதயகலா குழிக்குள் இறங்கி வேரைத் தடவித் தடவி மண்ணோடு சேர்த்துச் சாக்கால் சுற்றினாள். சாருஜா கொப்புகளைப் பாதியாக வெட்டிவிட்டாள், இலை குறைந்தால் மரம் குறைவாகக் குடிக்கும் என்று. தரவைக்குள், எங்கள் செத்த கன்றுகள் நின்ற குழிகளை அவர்கள் முதல் நாளே ஆழமாக்கி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது மரத்தில் அருளம்பலம் ஐயா கைத்தொலைபேசியோடு வந்தார்.

"என்ன செய்யிறியள் உதிலை? பொலிசுக்கு எடுக்கிறன்."

"எடுங்கோ ஐயா," என்றேன். "பராமரிப்பு வேலை. கன்றுகளைத் திட்டத்தின்ரை இடத்துக்கு மாத்திறம். நான் வெளிக்கள உத்தியோகத்தர், எழுதித் தாறன்."

"அப்ப என்ரை வேலி?"

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். உதயகலா குழிக்குள் இருந்தே தலையை நிமிர்த்தினாள்.

"உது வேலியோ ஐயா? சேவை எண்டல்லோ நாங்கள் கேள்விப்பட்டது."

அவர் எண்களை அழுத்தத் தொடங்கினார். பணிப்பாளருக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேலை போகும் என்று தெரியும். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் எடுக்கிற முதல் ஆள் நான்.

அப்போது படலை திறந்தது. அவருடைய மனைவி இரத்தினம்மா வந்தார். இரண்டு வருடத்தில் அவரை நான் குசினிப் பக்கம் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

"ஆரைக் கேட்டுக் கிளப்பிறியள்?" என்றார்.

"என்னைக் கேக்கேல்லை, இரத்தினம்," என்றார் அருளம்பலம் ஐயா.

"உங்களை ஏன் கேக்க? தண்ணி ஊத்தினது நான். நாளுக்கு முப்பத்தாறு வாளி. நீங்கள் கதிரையிலை இருந்து எண்ணினனீங்கள்." அவர் குழியடிக்கு வந்து குனிந்து பார்த்தார். "உப்பிடிக் கிளப்பினால் சாகும். வேம்பு ஆணிவேரை நேரை இறக்கும். இன்னும் ஒரு முழம் கிண்டு."

சீவரத்தினம் கிண்டினார்.

"எங்கை வைக்கப் போறியள்?"

"தரவைக்கை அம்மா," என்றாள் உதயகலா. "எங்கடை வரம்புக்கு இஞ்சாலை."

"ஆர் ஊத்துறது?"

"நாங்கள் ஊத்துறம்."

"உங்கடை கிணறு உப்பு."

உதயகலா சாக்கின் முடிச்சை இறுக்கினாள்.

இரத்தினம்மா வலது தோளைக் கையால் பிடித்துக்கொண்டார். "மழை பிடிக்கும்வரைக்கும் எங்கடை கிணத்திலை வந்து அள்ளுங்கோ," என்றார். "என்னாலை இனி ஏலாது. ரெண்டு வருசமாச் சொல்லுறன், என்ரை தோள்மூட்டு போச்செண்டு. கேக்க ஒரு ஆள் இல்லை."

"இரத்தினம், உள்ளை போ," என்றார் அவர்.

"போறன். உலையிலை அரிசி கிடக்கு." படலையடியில் திரும்பினார். "எடி சாருஜா, வேரிலை வெயில் பட விடாதை. சாக்கை நனை."

அருளம்பலம் ஐயா அழைப்பை எடுக்காமலே தொலைபேசியை மடிக்குள் செருகினார். பிறகு அவரும் உள்ளே போனார். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. கிண்டுகிற சத்தம்தான் கேட்டது.

இருபத்தொரு மரம் கிளப்பி முடியப் பொழுதுபட்டது. மிச்சம் பதினைந்தை அடுத்த நாள் கிளப்பினார்கள். பள்ளங்களை மிதித்து நிரவி, மேலே பனைமட்டையைப் பரப்பியதும் நிருஷன் முதல் பெட்டி குழையோடு வந்தான். "பொலிஸ் வந்தால் அக்காவைத்தான் காட்டுவன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஒழுங்கைக்குள் திருப்பினான். ஒரு பள்ளத்தில் சில்லு புதைந்தது. நாங்கள் நால்வரும் தள்ளினோம். ஐந்து நாளில் பதினாறு பெட்டி இறக்கினான். உதயகலா வீட்டார் இரவல் மண்வெட்டிகளோடு அதைத் தாழ்த்தி முடித்த மூன்றாம் நாள் மாரி தொடங்கியது.

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அட்டைப்படம் போய்விட்டது என்றார். விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார். நடந்ததை, நான் கயிறு பிடித்தது உட்பட, ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரைக்கும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள், எண்ணுகிறேன்.

மார்கழிக் கடைசியில் போனேன். இடம் மாற்றிய முப்பத்தாறில் பதினொன்று பட்டுவிட்டன. இருபத்தைந்து துளிர்த்திருந்தன. நிரலில் அதை அப்படியே எழுதினேன். காணிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வரம்பில் இரண்டு கொக்குகள் நின்றன. சீவரத்தினம் உடைப்பு ஒன்றை அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா உங்களோடை கதைக்கிறாரோ?" என்று உதயகலாவிடம் கேட்டேன்.

"இல்லை. அந்த வீட்டு அம்மாவோடையும் ரெண்டு கிழமை கதைக்கேல்லையாம். அம்மா சொல்லுறா, வீடு நல்ல அமைதி எண்டு."

அவள் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்தாள். குழை அழுகி மண் கறுத்திருந்தது. ஒரு துளியை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்பிடி?"

அவள் துப்பினாள். "போன வருசம் நாக்கு எரிஞ்சது."

"இப்ப?"

"கறிக்குப் போட இந்த உப்புக் காணாது." இன்னொருதரம் ருசித்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு மாரி வேணும். சித்திரையிலை ஒரு பரப்பிலை கீரை போட்டுப் பாப்பம். வந்தால் வரட்டும்."

பின்னேரம் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். ஒழுங்கையின் பாதியில் எதிரே லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. நிருஷன் பெட்டி நிறைய மாட்டெருவோடு, மேலே ஏறி இருந்த இரண்டு பெண்களோடு கதைத்துக்கொண்டு வந்தான்.

"தள்ளுங்கோ அக்கா," என்றான், வேகத்தைக் குறைக்காமல்.

தள்ளி நின்றேன். நிற்க இடம் இருந்தது.